உப்பில் ஊறிய கதவு

சௌந்தர்யா: ...காலு மட்டும்தான் வெளிய தெரியுது. மீதி ஆளு உள்ள இருக்கீங்களா, இல்ல வண்டி தின்னுட்ச்சா?

இன்பராஜ்: பத்தாம் நம்பர் ஸ்பேனர எடு.

சௌந்தர்யா: கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

இன்பராஜ்: உசுரோடதான் இருக்கேன். ஸ்பேனரு.

சௌந்தர்யா: இதுல எது பத்து?

இன்பராஜ்: பத்துன்னு போட்டிருக்கும் பாரு.

சௌந்தர்யா: நம்பரு எங்க தெரியுது? துருதான் தெரியுது.

இன்பராஜ்: உன் செருப்பாண்ட கெடக்குது... அது இல்ல. அந்தாண்ட... ம், அதான்.

சௌந்தர்யா: ஜான் பாஷா போன் பண்ணாரு.

இன்பராஜ்: எந்த ஜான் பாஷா?

சௌந்தர்யா: ஆம்பூர்ல காயலாங்கடை வச்சிருக்கற ஜான் பாஷா எத்தினி பேரு? சாயங்காலம் அசரு தொழுகை முடிச்சிட்டு நேரா டெம்போ எடுத்துனு வர்றாராம்.

இன்பராஜ்: இன்னைக்கா?

சௌந்தர்யா: இன்னைக்குதான்.

இன்பராஜ்: நட்டு கழல மாட்டேங்குது.

சௌந்தர்யா: நட்டு இருக்கட்டும். வெளிய வாங்க. ஷெட்டுல உங்க சாமானெல்லாம் ஒதுக்கணும்.

இன்பராஜ்: அடுத்த வாரம் வரச் சொல்லேன்.

சௌந்தர்யா: அடுத்த வாரம் இந்த எடத்துல ரெண்டு தையல் மெஷின் நிக்கும். நாளைக்கு காலைல வந்து எறங்குது. நானும் பக்கத்து வூட்டு சைராவும் ஷூவோட மேல்தோலு, அந்த அப்பரு, தைக்கறதுக்கு கம்பெனில பீஸு தர்றேன்னுட்டாங்க. இன்னும் எத்தினி நாளு கம்பெனி பஸ்ஸு பின்னாடி ஓடினு இருப்பேன்?

இன்பராஜ்: நான் வேணாம்னு சொன்னேனா? மெஷின ஹால்ல போட்டுக்கோ.

சௌந்தர்யா: நீங்க கார ஹால்ல போட்டுக்கோங்க.

இன்பராஜ்: கிண்டலு.

சௌந்தர்யா: நெசமாதான் சொல்றேன். டிவி பக்கத்துல நிறுத்துங்க. சோபா செலவு மிச்சம்.

இன்பராஜ்: ஃபியட்டும்மே இது. இப்ப தேடினாலும் கெடைக்காது.

சௌந்தர்யா: தேடறவன் இருந்தாதான கெடைக்கறதுக்கு. உங்க டேனரி குர்ஷித் சார் வூட்டுப் பின்னாடி முள்ளுக்குள்ள கெடந்துது. பின் சீட்டுல கோழி முட்டை போட்டுனு இருந்துது. எடுத்துனு போறியா இன்பராஜுன்னு அவரு ஒரு பேச்சுக்குக் கேட்டாரு. நீங்க மறுநாளே கயிறோட போய் நின்னீங்க.

இன்பராஜ்: பேச்சுக்கு இல்ல. மனசோடதான் குடுத்தாரு.

சௌந்தர்யா: அந்தக் கோழியக் கேட்டாங்களா? அது எங்க போவும்?

இன்பராஜ்: ...நீ சிரிச்சினே இரு.

சௌந்தர்யா: டெம்போல வந்த வண்டி. டெம்போலயே போவட்டும். வந்ததும் ஜான் பாஷா டெம்போதான், போறதும் அவரு டெம்போதான். முறையா இருக்குது.

இன்பராஜ்: தோ வந்துட்டேன். கைய புடி... மெதுவா. முதுகு புடிச்சிக்கிச்சி.

சௌந்தர்யா: ஆண்டவரே. மூஞ்சப் பாருங்க. கண்ணு ரெண்டும்தான் வெள்ளையா இருக்குது.

இன்பராஜ்: கிரீசு.

சௌந்தர்யா: காலைல பூசைக்குப் போட்ட சட்டை அது.

இன்பராஜ்: ...மறந்துட்டேன்.

சௌந்தர்யா: பொழுதுபோக்குன்னா ஒரு மனுசன் கேரம் ஆடுவான். பொறா வளப்பான். துருவ வளக்கிற ஆள நான் எங்கியும் பாத்ததில்ல.

இன்பராஜ்: வளக்கல. எடுக்கறேன்.

சௌந்தர்யா: இந்தப் பக்கம் எடுக்கறீங்க, அந்தப் பக்கம் வருது. மழ பேஞ்சா ரெண்டு பக்கமும் வருது.

இன்பராஜ்: வரட்டும். மறுபடி எடுப்பேன்.

சௌந்தர்யா: இதனால யாருக்குங்க பிரயோஜனம்?

இன்பராஜ்: பிரயோஜனம் இருந்தா அதுக்குப் பேரு வேல. வேல எனுக்கு வாரத்துல ஆறு நாளு இருக்குது.

சௌந்தர்யா: ஏழாவது நாளு படுத்துத் தூங்கறது.

இன்பராஜ்: தூங்கி இன்னா பண்றது? நான் டேனரில இன்னா பாக்கறேன் சொல்லு. பச்சத் தோலு வருது. டிரம்முல தள்ளறேன். நீலமா வெளிய வருது. லாரி வந்து ஏத்தினு போய்டுது. அது ஷூவாச்சா, பையாச்சா, எவன் போட்டான், ஒண்ணும் தெரியாது. இத்தினி வருஷத்துல ஒரு தோலு... ஒரே ஒரு தோலு கடைசியில இன்னாவாச்சுன்னு நான் பாத்ததில்ல.

சௌந்தர்யா: நான் மட்டும் பாத்தேனா? என் லைன்ல எடது ஷூவோட நாக்கு தைக்கறோம். வலது ஷூவு பக்கத்து லைனு. அதுக்காக நான் ஒரு பழைய பஸ்ஸ இட்டாந்து வாசல்ல நிறுத்தினேனா?

இன்பராஜ்: நிறுத்தியிருந்தா தெரிஞ்சிருக்கும்.

சௌந்தர்யா: இன்னா தெரிஞ்சிருக்கும்?

இன்பராஜ்: நேத்து வரைக்கும் செத்துக் கெடந்தது இன்னைக்கு அசையும்போது... வுடு. சிரிப்ப.

சௌந்தர்யா: சிரிக்கல. சொல்லுங்க.

இன்பராஜ்: அந்த வைப்பரு.

சௌந்தர்யா: வைப்பரா?

இன்பராஜ்: பாரு, சிரிக்கற.

சௌந்தர்யா: இல்ல இல்ல... சொல்லுங்க.

இன்பராஜ்: ஒயரு மாத்தினேன்ல. சுவிட்ச போட்டேன். எடது பக்கம் போச்சி. நின்னுடும்னு நெனச்சேன். திரும்பி வந்துச்சி. அன்னைக்கு முழுக்க எனுக்குச் சோறு எறங்கல.

சௌந்தர்யா: தெரியும். கொழம்பு மூணு வாட்டி சூடு பண்ணேன். நீங்க உள்ள உக்காந்துனு வைப்பரையே பாத்துனு இருந்தீங்க. மழையும் இல்ல, வண்டில அப்ப கண்ணாடியும் இல்ல.

இன்பராஜ்: கண்ணாடி அப்புறம்தான போட்டோம்.

சௌந்தர்யா: அதத்தான் சொல்றேன். காத்தத் தொடச்சினு இருந்துது.

இன்பராஜ்: உனுக்குச் சொன்னா புரியாது.

சௌந்தர்யா: புரியாமதான் சீட்டு தைச்சிக் குடுத்தேனா?

இன்பராஜ்: அத நான் மறுக்கல.

சௌந்தர்யா: கம்பெனில தள்ளின துண்டுத் தோல எல்லாம் பொறுக்கினு வந்து, மூணு கலருல. இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே நீளச் சீட்டு. நாக்கு தைக்கற கைக்கு அது கட்டிலு விரிப்பு தைக்கற மாதிரி இருந்துச்சி.

இன்பராஜ்: நல்லாதான் தைச்ச. நம்ம சர்ச்சுல பெஞ்சுக்குக் கூட அப்படி ஒரு தையலு கெடையாது.

சௌந்தர்யா: இப்ப ஐஸ் வைக்காதீங்க. நல்லா இருந்தத நான் கெடுக்கல. கெடுத்தது யாரு? அந்தக் கதவு கதைய எடுப்போமா?

இன்பராஜ்: வேணாம்.

சௌந்தர்யா: டிரைவரு பக்கத்துக் கதவு. நல்லா இருந்த கதவு.

இன்பராஜ்: நல்லா ஒண்ணும் இல்ல. கீழெல்லாம் துரு.

சௌந்தர்யா: துருவோட நல்லா இருந்த கதவு. அதக் கழட்டி, தொட்டில படுக்க வச்சி, டேனரில கேட்டு ஆசிட்டு வாங்கினு வந்து...

இன்பராஜ்: ஆசிட்டு துருவ எடுக்கும். அதுல தப்பு இல்ல.

சௌந்தர்யா: ஆசிட்டுக்கு முன்னாடி இன்னா போட்டீங்க?

இன்பராஜ்: அது எதுக்கு இப்ப?

சௌந்தர்யா: சும்மா சொல்லுங்க. நம்ம ரெண்டு பேருதான் இருக்கோம்.

இன்பராஜ்: உப்பு.

சௌந்தர்யா: எவ்ளோ?

இன்பராஜ்: அளவாதான்.

சௌந்தர்யா: ஒரு மூட்ட.

இன்பராஜ்: அர மூட்ட.

சௌந்தர்யா: இரும்புக்கு எதுக்குங்க உப்பு?

இன்பராஜ்: நான் போடலமே. கை போட்டுட்ச்சு. தோல ஆசிட்டுல எறக்கறதுக்கு முன்னாடி உப்பு போட்டாவணும். போடலன்னா தோலு ஊதிக்கும், ஒண்ணுத்துக்கும் ஆவாது. தெனமும் காலைல எனுக்கு மொத வேல அதான். உப்பப் போடு, கரைய வுடு, அப்புறம் ஆசிட்ட ஊத்து. முன்னாடி படுத்திருக்கறது தோலா கதவான்னு கைக்குத் தெரியுமா?

சௌந்தர்யா: கண்ணுக்காவது தெரிஞ்சிருக்கணும்.

இன்பராஜ்: கண்ணு வேற எங்கியோ இருந்துச்சி.

சௌந்தர்யா: அதோட வுட்டீங்களா? டேனரில தோலு ஊறற மாதிரி நல்லா ஊறட்டும்னு மறுநாளு வரைக்கும் வுட்டீங்க.

இன்பராஜ்: ஊறினாதான உள்ள வரைக்கும் எறங்கும்.

சௌந்தர்யா: எறங்கிச்சி. அந்தப் பக்கமாவே எறங்கிப் போய்ட்ச்சி. தொட்டியத் தொறந்தா கைப்பிடி இருக்குது, ஓரம் இருக்குது, நடுவுல சல்லட.

இன்பராஜ்: அதுவும் துருப்புடிச்ச தகடு. உப்பும் ஆசிட்டும் சேந்தா தாங்காது.

சௌந்தர்யா: இத அன்னைக்குச் சொல்லலியே. ஒரு கட்டைய வச்சி ஓரத்த அமுக்கிப் பாத்துட்டு, இன்னும் கொஞ்சம் ஊறணும்னு சொன்னீங்க.

இன்பராஜ்: ...பழக்கம்.

சௌந்தர்யா: சைரா இப்பவும் கேக்கறா. அண்ணி, அண்ணன் போட்ட ஊறுகா எப்படி இருக்குதுன்னு.

இன்பராஜ்: அவகிட்ட சொல்ல மாட்டேன்னு சொன்ன.

சௌந்தர்யா: அவ ஒருத்திகிட்டதான் சொன்னேன். அவ அவங்க அத்தகிட்ட சொன்னா. அத்த தெருவுல சொன்னாங்க. நான் தெருவுல சொல்லல.

இன்பராஜ்: டேனரிலயும் தெரிஞ்சிபோச்சி. டிரம்மு ஓட்டற பசங்க ஸ்பேனரக் காட்டி, மேஸ்திரி, இத உப்புல போடலாமான்னு கேக்கறானுங்க.

சௌந்தர்யா: பாவம்.

இன்பராஜ்: பாவமா? சிரிச்சினே சொல்ற.

சௌந்தர்யா: சரிங்க. என் பேச்சு ஒண்ணுதான். போன வாரமே சொல்லிட்டேன். ஜான் பாஷா வர்றதுக்குள்ள இந்த வண்டி தன்னால ஓடி ஷெட்ட வுட்டு, கேட்ட வுட்டு வெளிய போச்சுன்னா அது உங்க வண்டி. சர்ச் காம்பவுண்டுல ஓரமா நிறுத்திக்கோங்க, ஞாயித்துக்கெழமயானா அங்க போய் எத்தினி துரு வேணுமோ எடுத்துக்கோங்க. போகலன்னா டெம்போ.

இன்பராஜ்: சர்ச் காம்பவுண்டுல எவன் வுடுவான்?

சௌந்தர்யா: ஃபாதர்கிட்ட கேட்டாச்சி. கிறிஸ்துமஸுக்குக் குடில் போட மட்டும் எடத்தக் காலி பண்ணணும்னாரு.

இன்பராஜ்: நீ கேட்டியா?

சௌந்தர்யா: நீங்க கேக்க மாட்டீங்க. வாய் வந்து கையில இருக்குது உங்களுக்கு.

இன்பராஜ்: ...பேட்டரி டவுனு. இல்லன்னா இன்னைக்கே எடுத்துடுவேன்.

சௌந்தர்யா: பேட்டரி தோ இருக்குது. கோணிக்குக் கீழ.

இன்பராஜ்: இது... எங்க போயிருந்துது?

சௌந்தர்யா: பஸ் ஸ்டாண்டாண்ட சார்ஜ் போட்டு எடுத்துனு வந்தேன். ஷேர் ஆட்டோல, துணில சுத்தி மடியில வச்சினு. கூட வந்த அம்மா பாப்பாக்கு ஒடம்பு சரியில்லியான்னு கேட்டுது.

இன்பராஜ்: இவ்ளோ கனத்த நீயா தூக்கின?

சௌந்தர்யா: பேச்ச மாத்தாதீங்க. மாட்டுங்க.

இன்பராஜ்: மாட்டி இன்னா பண்றது? பெட்ரோலு?

சௌந்தர்யா: ஊத்திட்டேன்.

இன்பராஜ்: ஏது?

சௌந்தர்யா: உங்க டிவிஎஸ்ஸுல இருந்து டியூப் போட்டு எடுத்தேன்.

இன்பராஜ்: அடியே. நாளைக்கு நான் டேனரிக்கு எப்படிப் போறது?

சௌந்தர்யா: கார்ல.

இன்பராஜ்: கார்லயா?

சௌந்தர்யா: இன்னாங்க, ஸ்பேனரு கீழ வுழுந்துட்ச்சி பாருங்க.

இன்பராஜ்: தெரியுது.

சௌந்தர்யா: மாட்டியாச்சா? ஏறி உக்காருங்க. சாவி.

இன்பராஜ்: எடுக்காது, சொல்லிட்டேன். கார்பரேட்டர்ல அடைப்பு இருக்குது. ரெண்டு வாரமா பாத்துனு இருக்கேன்.

சௌந்தர்யா: எடுக்கலன்னா எனக்கு நல்லதுதான. திருப்புங்க.

இன்பராஜ்: சோக்க இழுத்துக்கறேன்... தள்ளி நில்லு. பொக வரும்.

சௌந்தர்யா: வரட்டும்.

இன்பராஜ்: திருப்பறேன்... தோ.

சௌந்தர்யா: இருமுது.

இன்பராஜ்: சொன்னேன்ல.

சௌந்தர்யா: ஆளு எந்திரிக்கறதுக்கு முன்னாடி இருமுவாங்க. இன்னொரு வாட்டி.

இன்பராஜ்: பேட்டரி போய்டும்.

சௌந்தர்யா: போனா மறுபடி மடியில வச்சினு போறேன். திருப்புங்க.

இன்பராஜ்: ...சௌந்து.

சௌந்தர்யா: இன்னாங்க?

இன்பராஜ்: சௌந்து, எடுத்துட்ச்சி.

சௌந்தர்யா: இன்னா? சத்தத்துல கேக்கல.

இன்பராஜ்: எடுத்துட்ச்சி. ஓடுது. கைய வையி... பானட் மேல கைய வையி. தெரியுதா?

சௌந்தர்யா: ஆமா. ஐயோ, சைரா வூட்டு ஆடு கயித்த அறுத்துனு ஓடுது... ஏன், ஏன் நிறுத்திட்டீங்க?

இன்பராஜ்: சூடாய்டும்.

சௌந்தர்யா: இப்பதான ஆரம்பிச்சது.

இன்பராஜ்: பழைய இன்ஜினு. மொத நாளே ரொம்பப் படுத்தக் கூடாது.

சௌந்தர்யா: கேட்டு வரைக்கும் போனா படுத்தறதா?

இன்பராஜ்: பிரேக்கு சரி பாக்கல.

சௌந்தர்யா: போன ஞாயித்துக்கெழம பிரேக்குதான் பாத்தீங்க. கைய கீறிக்கினு ரத்தத்தோட வந்தீங்க, நான்தான் மஞ்சள் வச்சேன்.

இன்பராஜ்: டயருல காத்து...

சௌந்தர்யா: சைக்கிள் பம்புல நீங்களே அடிச்சீங்க. மூச்சு வாங்கிச்சி, தண்ணி குடுத்தேன். இங்க வாங்க. என்னப் பாருங்க.

இன்பராஜ்: இன்னா?

சௌந்தர்யா: உங்களுக்கு இந்த வண்டி வேணுமா, வேணாமா?

இன்பராஜ்: இன்னா கேள்வி இது?

சௌந்தர்யா: டெம்போ வந்துனு இருக்குது. இன்ஜின் ஓடுது. வெளிய எடுக்கறத வுட்டுட்டு ஒண்ணொண்ணா நொட்ட சொல்லினு இருக்கீங்க. எனக்குப் புரியல.

இன்பராஜ்: ...நெசமா சொல்லட்டா?

சௌந்தர்யா: சொல்லுங்க.

இன்பராஜ்: முடிஞ்சிட்டா அப்புறம் இன்னா பண்றது? ஓட ஆரம்பிச்சிட்டா அது வெறும் காரு. ஊருல எவ்ளோ காரு ஓடுது. ஓடாம இருந்த வரைக்கும்தான் அது என்னுது.

சௌந்தர்யா: ம்.

இன்பராஜ்: அதான் விஷயம்.

சௌந்தர்யா: அது மட்டும்தானா?

இன்பராஜ்: வேற இன்னா?

சௌந்தர்யா: ஒண்ணும் இல்ல. அழகாதான் பேசறீங்க. இத்தினி நேரம் ஸ்பேனரு கேட்டுனு இருந்த ஆளான்னு இருக்குது.

இன்பராஜ்: கிண்டல் பண்ணாத.

சௌந்தர்யா: பண்ணல. கவலப்படாதீங்க, இந்த வண்டி முடியாது. இன்னைக்கு ஓடினா நாளைக்கு நிக்கும். ஆயுசுக்கும் உங்களுக்கு வேல இருக்குது. எடுங்க.

இன்பராஜ்: கதவு இல்லியே.

சௌந்தர்யா: இன்னா?

இன்பராஜ்: டிரைவரு பக்கம் கதவு இல்லாம ரோட்ல எடுத்தா போலீஸ் புடிப்பான். சட்டம்னு ஒண்ணு இருக்குதுல்ல. நான் இன்னா பண்ணட்டும்?

சௌந்தர்யா: ஆமா. கதவு இல்ல.

இன்பராஜ்: அதத்தான் சொல்ல வந்தேன், நீ எங்க வுட்ட.

சௌந்தர்யா: ஹாரன் சத்தம் கேக்குதா?

இன்பராஜ்: ...வந்துட்டாரா?

ஜான் பாஷா: இன்பராஜு. தங்கச்சி. சலாம். வெயிலு ஜாஸ்திப்பா இன்னைக்கு. தண்ணி குடுங்க மொத.

சௌந்தர்யா: வாங்க பாய். தோ, சொம்புல இருக்குது.

இன்பராஜ்: பாய், அவசரப்படாதீங்க. கொஞ்சம் பேசணும். இன்ஜின் எடுத்துட்ச்சி. இப்பதான். நீங்க ஒரு அஞ்சி நிமிசம் முன்னாடி வந்திருந்தா கேட்டிருப்பீங்க.

ஜான் பாஷா: கேட்டேன் கேட்டேன். தெரு முனையில ஒரு ஆடு டெம்போ முன்னாடி பாஞ்சிது. இதான் விஷயமா.

இன்பராஜ்: அதனால இத ஒடைக்கறதுக்குக் குடுக்க மனசு வரல பாய். கதவு ஒண்ணு கெடச்சிட்டா...

ஜான் பாஷா: அதான கொண்டாந்திருக்கேன்.

இன்பராஜ்: எத?

ஜான் பாஷா: கதவ. ஒரு கை புடி, டெம்போல இருக்குது. பச்ச கலரு. உன் வண்டி வெள்ள. பரவால்ல, கட்சிக் கொடி மாதிரி இருக்கும்.

இன்பராஜ்: யாரு கேட்டது?

ஜான் பாஷா: தங்கச்சிதான். போன வாரம் கடைக்கு வந்துது. ஒரு மூலையில கதவா அடுக்கி வச்சிருக்கேன், பாம்பு இருக்கும் வேணாம்மான்னு சொன்னா கேக்கல. ஒண்ணொண்ணா பொரட்டிப் போட்டு, முழத்துல அளந்து, இதான்னுட்ச்சி. கீல் எல்லாம் பாத்து வச்சிருந்துது. பேஜார் பண்ணிட்ச்சிப்பா.

இன்பராஜ்: நீ வண்டிய எடுத்துனு போவச் சொல்லதான போன?

சௌந்தர்யா: அதுக்குதான் போனேன். போன எடத்துல கதவு நின்னுனு இருந்துச்சி. இப்படிப் பாக்காதீங்க. பேச்சு மாறல. டெம்போல கதவ எறக்கற எடத்துல வண்டிய ஏத்தலாம். ரெண்டுக்கும் பாய் ஒத்துக்கினாரு.

ஜான் பாஷா: எனுக்கு வண்டி கெடச்சாலும் சரி, டீ கெடச்சாலும் சரி. புடி இன்பராஜு... தூக்கு... இந்தாண்ட. ஒண்ணு சொல்றேன் கேளு. இதுக்கு உப்பு போடாத.

இன்பராஜ்: உங்களுக்குமா தெரியும்?

ஜான் பாஷா: வாணியம்பாடி வரைக்கும் தெரியும். அரே, அந்த போல்ட்டக் குடு. ...ஒக்காந்துட்ச்சி பாரு. தொறந்து மூடு.

சௌந்தர்யா: மூடுது.

ஜான் பாஷா: வூட்டுக் கதவு கூட எனுக்கு இவ்ளோ சுத்தமா மூடாது. சரி, எடு தோஸ்த். ஓடுதான்னு பாத்துட்டுப் போறேன்.

இன்பராஜ்: பாய், நீங்களே எடுங்களேன்.

ஜான் பாஷா: நானா?

இன்பராஜ்: டெம்போ ஓட்டற கை. கேட்டு வேற குறுகல். அந்தாண்ட சாக்கட. ஒரு தடவ நீங்க வெளிய எடுத்து வுட்டுட்டீங்கன்னா...

ஜான் பாஷா: எடுத்தா போச்சி. சாவியக் குடு.

சௌந்தர்யா: வேணாம் பாய்.

ஜான் பாஷா: ஏம்மா?

சௌந்தர்யா: இன்னைக்கு நீங்க எடுப்பீங்க. நாளைக்கு அவரு டேனரிக்குப் போவணும், நீங்க வருவீங்களா? அவரு வண்டி. அவரு ஏறி உக்காரட்டும்.

இன்பராஜ்: வந்த விருந்தாளி ஆசப்படறாருன்னு பாத்தேன்.

ஜான் பாஷா: நான் எங்கப்பா ஆசப்பட்டேன்? நீதான் கைய இழுக்கற.

சௌந்தர்யா: பாய், உங்க டெம்போ கேட்ட அடைச்சினு நிக்குது.

ஜான் பாஷா: ஆமால்ல. இரு, நவுத்திட்டு வர்றேன். வர்றதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணி வை இன்பராஜு. அந்த ஆட்ட யாராவது புடிச்சிக் கட்டுங்கப்பா.

சௌந்தர்யா: ஏறுங்க.

இன்பராஜ்: நீயும் ஏறு.

சௌந்தர்யா: நான் எதுக்கு? வெளிய நின்னு பாக்கறேன்.

இன்பராஜ்: ஏறு சௌந்து.

சௌந்தர்யா: சரி. அந்தப் பக்கமா வர்றேன்... ம். சீட்டு நல்லாதான் இருக்குது. நானே உக்காந்து பாத்ததில்ல. சாவியப் போடுங்க.

இன்பராஜ்: போட்டேன்.

சௌந்தர்யா: ஒரே இழுப்புல எடுத்துட்ச்சி பாத்தீங்களா.

இன்பராஜ்: ஆமா.

சௌந்தர்யா: டெம்போ நவுந்துட்ச்சி. வழி இருக்குது.

இன்பராஜ்: தெரியுது. கிளட்ச்ச மிதிச்சிட்டேன்.

சௌந்தர்யா: சரி.

இன்பராஜ்: இந்தக் கிளட்ச்சு முழுசா கழட்டி மாட்டினது நானு. உள்ள எது எங்க இருக்குதுன்னு கண்ண மூடினு சொல்லுவேன்.

சௌந்தர்யா: சொல்லுவீங்க.

இன்பராஜ்: கியரும் போட்டுட்டேன்.

சௌந்தர்யா: ம். கிளட்ச்சுல இருந்து கால எடுங்க.

இன்பராஜ்: எடுத்தா வண்டி போய்டும்.

சௌந்தர்யா: போறதுக்குதான ஏறி உக்காந்தோம்.

இன்பராஜ்: ...சௌந்து.

சௌந்தர்யா: சொல்லுங்க.

இன்பராஜ்: இதுக்கு மேல இன்னா பண்றதுன்னு எனுக்குத் தெரியாது.

சௌந்தர்யா: உங்களுக்கு ஓட்டத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்ங்க... கியர எடுத்துட்டு என் பக்கம் நகந்து வாங்க, நான் சுத்தி வந்து ஏறிக்கறேன். தெனமும் பஸ்ஸு லேட்டுன்னு சொன்னேன்ல, அது பஸ்ஸு இல்ல, கார் கத்துக்கப் போனேன். லைசென்சு வந்து ரெண்டு மாசமாச்சி, நீங்களா சொல்ற வரைக்கும் எடுக்க வேணாம்னு இருந்தேன். கிளட்ச்சு, பிரேக்கெல்லாம் நான் பாத்துக்கறேன். நான் கத்துக்கின வண்டில கியரு கீழ இருந்துச்சி, இதுல ஸ்டியரிங்காண்ட இருக்குது... அத மட்டும் நீங்க பக்கத்துல உக்காந்து போடுங்க.